கடலில் கெட்டது, கரையில் என்ன கேட்பது? தூரப் பயணத்தில் படகுப் பாகங்களை அறிகுறி பார்த்து மாற்றும் வழி

எங்கள் படகு 38 அடிப் பாய்மரப் படகு. 1980-களில் அமெரிக்காவில் கட்டியது. யாரோ ஒருவர் பாதி உலகம் சுற்றி வந்து, மலேசியத் தீவான லங்காவியில் அதை விற்றுவிட்டு விமானம் ஏறிப் போக, எங்கள் கைக்கு வந்தது. அங்கிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டித் திருகோணமலை, பிறகு இலங்கையின் தெற்கே காலித் துறைமுகம், பிறகு மாலத்தீவின் வடகோடியில் இருக்கும் உலிகன் என்று நானும் மனைவியும் மெதுவாக மேற்கே போனோம். வழி நெடுக ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டே வந்தது. எல்லாப் படகிலும் அப்படித்தான். ஆனால் பாகம் கெட்ட நாட்களைவிட, தவறான பாகத்தை வரவழைத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள்தான் எங்களுக்குச் செலவு வைத்தன.

ஊரில் இருந்தால் சந்தேகப்பட்ட சாமானை வாங்கி மாட்டிப் பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் மறுநாள் கடைக்காரரிடம் மல்லுக்கட்டலாம். உலிகனில் அரிசி கிடைக்கும், டின் பால் கிடைக்கும், பம்ப் கிடைக்காது. தவறான பார்சல் ஒன்று வந்தால் மூன்று வாரம் போச்சு. இந்தப் பக்கம் மேற்கே போக நல்ல காற்று ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். இரண்டு தவறான பார்சல் என்றால் ஒரு பருவமே போச்சு.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கெட்ட பாகத்தைக் கழற்றி, துடைத்து, கையில் வைத்துப் பார்க்கும்வரை எதையும் ஆர்டர் செய்வதில்லை. கழற்றினால் பாதி நேரம் உள்ளே இருக்கும் ஒரு ரப்பரோ பேரிங்கோதான் போயிருக்கும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒரு மல்டிமீட்டர், ஒரு வெர்னியர், தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் துப்பாக்கி, இந்த மூன்றும் படகில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்ஜின் சூடேறுகிறது

முதலில் இன்ஜினை நிறுத்தாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் குறைத்துவிட்டு, பின்பக்கம் எட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வழியாகக் கடல் தண்ணீர் வழக்கம்போல் துப்புகிறதா? மேற்கொண்டு எந்தப் பக்கம் தேடுவது என்பதை இந்த ஒரு பார்வைதான் முடிவு செய்யும்.

தண்ணீர் குறைந்திருந்தால் கோளாறு கடல் தண்ணீர் வரும் பாதையில். இன்ஜினை நிறுத்திவிட்டு, தண்ணீர் வரும் திசையிலேயே நீங்களும் போங்கள். அடித்தளத்து வால்வு திறந்திருக்கிறதா? அதை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி, வால்வை ஒரு நொடி திறந்தால் தண்ணீர் குபுக்கென்று வரவேண்டும். வராவிட்டால் வெளியே பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும், அல்லது உள்ளே சிப்பி வளர்ந்திருக்கும். அடுத்தது வடிகட்டி. அதன் மூடியில் இருக்கும் ஓ ரிங் காய்ந்து போனால் பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் கசியாது, அதனால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். கொஞ்சம் வாசலின் தடவி மூடிப் பாருங்கள்.

அதற்கும் அடுத்தது இம்பெல்லர், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரம். பம்ப் மூடியைக் கழற்றி ரப்பர் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடியே ஆகவேண்டும். பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட்டைக் கடல் தண்ணீரால் ஆறவைக்கும் பெட்டி) முனை மூடியில், சின்னக் குழாய்களின் வாயில் அடைத்துக்கொண்டு கிடக்கும். துண்டுகளை மேசைமேல் வைத்து உடைந்த இதழோடு பொருத்திப் பாருங்கள், எல்லாம் கிடைத்ததா என்று தெரிந்துவிடும். புதிய இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தத் துண்டுகளைத் தேடாதவர்கள்.

கையில் மாற்று இம்பெல்லர் இல்லையா? ரப்பரின் நடுப்பகுதியில் பெரும்பாலும் எண் அச்சடித்திருக்கும். அது அழிந்திருந்தால் வெளி விட்டம், அகலம், தண்டு நுழையும் துளையின் விட்டம், இதழ்களின் எண்ணிக்கை, தண்டோடு பிடித்துக்கொள்ளும் முறை (சாவியா, குறுக்கு ஊசியா, தட்டையா, பல்வரிசையா) ஆகிய ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். இன்ஜின் மாடலை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். எங்களுடையது பெர்கின்ஸ் 4-108. பம்ப் தண்டடியில் தண்ணீர் சொட்டியது. சரி, பழைய பம்ப், மாற்றிவிடுவோம் என்று இன்ஜின் எண்ணைக் கொடுத்து முழுப் பம்பையே வரவழைத்தேன். வந்த பம்ப் அந்த இன்ஜினுக்குச் சரியானதுதான். ஆனால் எங்களுக்கு முன் படகை வைத்திருந்தவர் எப்போதோ வேறு கம்பெனிப் பம்பை, வேறு தாங்கி அடித்து மாட்டியிருந்தார். புதியதன் துளைகள் எதுவும் பொருந்தவில்லை. வந்த பம்ப் இன்னும் படுக்கைக்கு அடியில் இருக்கிறது.

பிறகுதான் பழைய பம்பைப் பிரித்தேன். பம்பின் கழுத்தில், தண்ணீர்ப் பக்கத்துக்கும் பேரிங் பக்கத்துக்கும் நடுவே, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அழுதால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் வந்தால் தண்ணீர் சீல், இன்ஜின் ஆயில் வந்தால் ஆயில் சீல். தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால் உப்பு பேரிங்குக்குள் போய் அதையும் தின்றுவிடும். எங்கள் பேரிங் சுற்றினால் மணல் அரைப்பது போல் சத்தம் போட்டது.

பேரிங்கையும் சீலையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, திருகோணமலையில் மீன்பிடிப் படகு இன்ஜின் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். போனதும் பம்ப் கம்பெனியின் பெயர், மாடல், படகு கட்டிய வருடம் என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. பேரிங்கை வாங்கிச் சாரத்தின் முனையால் துடைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“பேரை விடுங்கோ தம்பி. இதிலே நம்பர் இருக்குதல்லோ. 6203. ரெண்டு பக்கமும் ரப்பர் வச்சது தாறன்.”

“சீலுக்கு என்ன செய்றது அண்ணை?”

“அதிலயும் மூண்டு நம்பர் இருக்கும், பாருங்கோ.”

இருந்தது. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 6203 என்றால் உள் விட்டம் 17 மில்லிமீட்டர், வெளி விட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் அதேதான். 6202 என்றால் 15, 35, 11. 6204 என்றால் 20, 47, 14. பிராண்ட் பெயர் போட்டு, பெட்டியில் அடைத்து, பத்து மடங்கு விலைக்கு வருகிற பல ‘மரைன்’ பாகங்களுக்குள்ளே இருப்பது இந்த நாலு இலக்கச் சாமான்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டிகளுக்கு விற்கிற சீலின் உள்ளே இருக்கும் வளையச் சுருள் சாதாரண எஃகு. கடல் தண்ணீர்ப் பக்கம் போட்டால் துருப்பிடிக்கும். அடுத்த பெரிய துறைமுகம்வரை ஓடும், அவ்வளவுதான். துருப்பிடிக்காத சுருள் வைத்த சீலை அங்கே தேடி மாற்றிவிடுங்கள்.

எக்ஸாஸ்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, ஆனாலும் சூடு என்றால் கோளாறு உள் பக்கம். கூலன்ட் அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வைத்துச் சூடேற்றுங்கள். எத்தனை டிகிரியில் திறக்கவேண்டும் என்பது அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அந்த டிகிரியில் வாயைத் திறக்காவிட்டால் மாற்றவேண்டியதுதான். விட்டமும் டிகிரியும் ஒத்துப்போகிற வண்டித் தெர்மோஸ்டாட் ஓரளவு பெரிய ஊரில் கிடைத்துவிடும்.

தண்ணீர் வருகிறது, ஆனால் மெலிசாக, புகையோடு, எக்ஸாஸ்ட் சத்தமும் மாறியிருக்கிறது என்றால் தண்ணீரும் புகையும் சேரும் முழங்கைக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கரியும் உப்பும் சேர்ந்து பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். சுத்தியலால் தட்டி, உளியால் சுரண்டி எடுக்கலாம். சுவர் மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் கடைசல் பட்டறையில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் வெல்டிங் செய்து தருவார்கள். பழைய குழாயை மாதிரிக்குக் கொடுங்கள், தண்ணீர் நுழையும் கோணம் மாறக்கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். கோணம் மாறினால் தண்ணீர் இன்ஜினுக்குள் திரும்பும்.

ஆர்.பி.எம். முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது, இன்ஜின் ஓடுகிறது

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பல டீசல் இன்ஜின்களில் அந்த முள்ளுக்குச் சிக்னல், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ (W) முனையிலிருந்து வருகிறது. முள் விழுந்தால் சார்ஜ் நின்றுவிட்டது என்ற முதல் தகவல் அது. பேட்டரி காலியாகும் முன்பே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையில் வோல்ட் பாருங்கள், பிறகு பேட்டரி முனையில் பாருங்கள். அங்கே 14-க்கு மேல், இங்கே 12.6 என்றால் ஆல்டர்னேட்டர் நல்லாயிருக்கிறது; நடுவில் வயர், ஃபியூஸ் அல்லது டையோடு பிரிப்பான் ஏதோ ஒன்று தின்கிறது. இரண்டிலுமே 12.6 என்றால் சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்தக் குட்டி பல்ப் வழியாகத்தான் பல ஆல்டர்னேட்டர்களுக்குத் தொடக்க மின்சாரம் போகிறது. பல்ப் போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காது. ஒரு பல்புக்காக முழு ஆல்டர்னேட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

விளக்கு எரிந்தும் சார்ஜ் இல்லை என்றால் பின்பக்கத்துக் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். நாலைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்து தேய்ந்திருந்தால் அதுதான். ஆட்டோ எலக்ட்ரிக் கடை எந்த ஊரிலும் உண்டு. பிரஷ் சரியான அளவில் இல்லாவிட்டால் கொஞ்சம் பெரியதை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து ஒடுக்கிக்கொள்ளலாம். பிரஷ்ஷும் நன்றாக இருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு. டையோடு ஏன் போகும்? பெரும்பாலும் நம் கையால்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை அணைத்தால் ஒரு நொடியில் போய்விடும். எங்கள் படகில் அதைச் செய்தது நான். மனைவி இன்றுவரை ஸ்விட்ச் பக்கம் நான் போனால் என்னைப் பார்க்கிறாள்.

முழு ஆல்டர்னேட்டரே வாங்கவேண்டும் என்றால் ஆம்பியரைவிட நான்கு விஷயங்கள் முக்கியம். மாட்டும் கால் ஒற்றைக் காலா, நடுவில் இன்ஜின் தாங்கியைக் கவ்வும் இரட்டைக் காலா, அந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர். கப்பி வி பெல்ட்டுக்கா, பல வரி பெல்ட்டுக்கா. டபிள்யூ முனை உண்டா. நெகட்டிவ் உடம்போடு சேர்ந்ததா, தனியானதா. அலுமினியப் படகுக்காரர்கள் கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் ஒன்று கப்பிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் லூஸ். பெல்ட்டின் எண் அழிந்திருந்தால் கப்பிகளைச் சுற்றி நீளாத நூல் ஒன்றைக் கட்டி நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 13 மில்லிமீட்டர் என்றால் அது ஏ வகை. கடையில் அதையே கேளுங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு வரி. சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இரவு முழுதும் ஓய்ந்து காலையில் எதுவும் ஓடாமலே 12-க்குக் கீழே விழுகிறது என்றால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பிரித்து அளந்து பாருங்கள். கூட்டத்தில் ஒன்று செத்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஈயப் பேட்டரியை உள்ளூரிலேயே வாங்குங்கள், லாரி பேட்டரியாக இருந்தாலும் பரவாயில்லை.

சாவி திருகினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்

ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள். ஒருவர் சாவியைத் திருகும்போது இன்னொருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் உள்ள ஏதோ ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. அதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் உடம்புவரை. எங்களுக்கு இரண்டு முறை இந்தக் கோளாறு வந்தது, இரண்டு முறையும் நெகட்டிவ் பக்கத்து லக்தான், அதாவது வயர் முனையில் அழுத்திய வளையம். பார்க்கப் பளபளவென்று இருந்தது, உறையை வெட்டினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது.

அலையில் மட்டும் இன்ஜின் திணறுகிறது

அமைதியான தண்ணீரில் நன்றாக ஓடி, ஆட்டத்தில் மூச்சுத் திணறுகிறது என்றால் டீசல் டாங்கின் அடியில் கிடந்த அழுக்கு கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. ஃபில்டர் மாற்றியும் திரும்ப வருகிறதென்றால், ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, இன்ஜினுக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் அந்தக் கேனுக்குள் விட்டு ஓட்டிப் பாருங்கள். கேனில் சீராக ஓடினால் டாங்க் அல்லது டாங்கிலிருந்து வரும் குழாய்தான் குற்றவாளி. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றிக் கூரியரில் அனுப்பும் யோசனை இத்தோடு போய்விடும். அவசரத்துக்கு அந்தக் கேனை வைத்தே துறைமுகம்வரை வந்துவிடலாம்.

பில்ஜ் பம்ப் அடிக்கடி ஓடுகிறது

பம்பைத் திட்டாதீர்கள், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் தன் வேலையை அது செய்கிறது. அடியில் கிடக்கும் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வையுங்கள். கொஞ்சம் அருவருப்புதான். டீசல் வாடை அடித்தால் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள். கரிக்கவில்லை என்றால் குடிதண்ணீர் டாங்க், குழாய் அல்லது பாய்மரம் வழியாக இறங்கிய மழை. அவசரம் இல்லை, ஆனால் குடிதண்ணீர் போகிறது. கரித்தால் வால்வுகள், ஹோஸ்கள், புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடம் என்று ஒவ்வொன்றையும் துடைத்துக் காயவிட்டு, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து, அரை மணி கழித்துப் பாருங்கள். எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறதோ அங்கே.

கயிறு அடைத்த பழைய வகைத் தண்டடைப்பு என்றால், தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது நல்லது, குளிர்ச்சி அதனால்தான். நின்றிருக்கும்போது சொட்டக்கூடாது. நட்டைக் கால் சுற்று இறுக்கியும் நிற்காவிட்டால் அடைப்புக் கயிற்றை மாற்றவேண்டும். கயிற்றின் அளவு, தண்டுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போதே மாற்றலாம். வெளியே ஒருவர் முங்கி, தண்டைச் சுற்றி கிரீஸ் தடவிய துணியை இறுக்கிக் கட்டிவிட்டால், உள்ளே வருவது பதறத் தேவையில்லாத அளவுக்குக் குறையும். முடித்ததும் அந்தத் துணியை அவிழ்க்க மறக்காதீர்கள்.

குழாய் இணைப்பு எவ்வளவு டைட் செய்தாலும் கசிகிறது

அமெரிக்காவில் கட்டிய படகை ஆசியப் பக்கம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். அமெரிக்கக் குழாய் மரை ஒன்று, இங்கெல்லாம் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் மரை வேறொன்று. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. அதனால் திருகினால் உள்ளே போகும். பொருந்திவிட்டது போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் பல் கோணம் 60 டிகிரி, மற்றதன் கோணம் 55. டெஃப்லான் டேப்பைச் சுற்றிக் கொஞ்ச நாள் ஏமாற்றலாம், பிறகு கசியும். ஒரு அங்குலத்துக்கு வந்தால் எண்ணிக்கையே மாறிவிடுகிறது, ஒன்றில் பதினொன்றரை, மற்றதில் 11. இரண்டு மூன்று சுற்றில் சிக்கிக்கொள்ளும். உண்மையில் அதுவே பரவாயில்லை, பொருந்தவில்லை என்று உடனே தெரிந்துவிடுகிறது.

சமையலறைக் குழாயில் கலந்துகட்டிக்கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் கலக்காதீர்கள். வால்வையும் அது மாட்டும் அடித்தளக் குழாயையும் ஜோடியாகவே மாற்றுங்கள். கடையில் ‘வெண்கலம்’ என்று தருவது பெரும்பாலும் மஞ்சள் பித்தளை. கடல் தண்ணீரில் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்து, மீதி இளஞ்சிவப்பாக, பிஸ்கட் போல் உதிரும். பழைய வால்வைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது கட்டாயம் மாற்றவேண்டும். நல்ல வெண்கலம் கிடைக்காத ஊரில், படகுக்கென்றே செய்த, கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வை வரவழைப்பேன்.

நங்கூரச் சங்கிலி சக்கரத்தில் துள்ளுகிறது

புதுச் சங்கிலி வாங்கிய மறுநாள் இது வந்தால் காரணம் அளவு. பத்து மில்லிமீட்டர் சங்கிலி என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். டின் (DIN) 766 என்ற ஜெர்மன் தரத்தில் ஒரு கண்ணியின் உள் நீளம் 28 மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஓ. 4565 என்ற தரத்தில் அதே பத்து மில்லிமீட்டருக்கு 30. சங்கிலியை இழுக்கும் இயந்திரமான வின்ட்லஸின் குழிச் சக்கரம் இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். அமெரிக்க எட்டில் மூன்று அங்குலம் இன்னொரு கதை. இந்தச் சக்கரத்தை ஜிப்ஸி என்பார்கள். எந்தச் சங்கிலிக்கு என்று அதன் பக்கவாட்டில் பொறித்திருப்பது வழக்கம், உப்பைத் தேய்த்துப் பாருங்கள்.

எதை மாற்றுவது? பத்து மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு இரண்டேகால் கிலோ அளவில் இருக்கும். 60 மீட்டர் என்றால் 135 கிலோ. அதை யாரும் கூரியரில் அனுப்பமாட்டார்கள். ஜிப்ஸி சில கிலோதான். சங்கிலியை உள்ளூரில் வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற ஜிப்ஸியை வரவழைப்பதுதான் கணக்குக்குச் சரி.

பழைய சங்கிலியில் ஒரு பகுதி மட்டும் துள்ளினால் அங்கே கண்ணிகள் தேய்ந்து நீண்டிருக்கின்றன. மொத்தச் சங்கிலியையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டால், நல்ல பக்கம் வேலைக்கு வரும்.

ஆட்டோபைலட் குடிகாரன் போல் வளைந்து வளைந்து போகிறது

திடீரென்று ஆரம்பித்ததா? அப்படியானால் அண்மையில் எதை இடம் மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். காலியிலிருந்து கிளம்பிய இரவு எங்கள் ஆட்டோபைலட் இருபது டிகிரி தப்பாக இழுத்தது. மோட்டார், கம்ப்யூட்டர், எல்லாவற்றின் விலையையும் தலைக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். மனைவிதான் கேட்டாள், “மத்தி டின்னை எல்லாம் எங்கே அடுக்கினே?” ஆட்டோபைலட்டின் திசைமானிக்கு ஒரு சாண் தள்ளி, படுக்கைக்கு அடியில். நாற்பது இரும்பு டின். எடுத்து வேறு இடத்தில் வைத்ததும் நேராகப் போனது. ஸ்பீக்கரும் கருவிப்பெட்டியும் இதே வேலையைச் செய்யும்.

மெதுவாக மோசமானது என்றால் சுக்கான் இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தானே அணைந்து அணைந்து எழுந்தால் மின்சாரம் குறைகிறது, மேலே சொன்ன வோல்ட் சோதனைதான். மோட்டார் ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி. இரு பக்கமும் மந்தம் என்றால் கார்பன் பிரஷ், அதே ஆட்டோ எலக்ட்ரிக் கடை.

டாய்லெட் பம்ப் கனக்கிறது

உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறது. வினிகர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். ரப்பர் உறுப்புகளின் முழு செட் ஒன்று படகிலேயே இருக்கவேண்டும். இதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஒரு இழை விட்டிருக்கிறது

துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டே போகும்போது, மீன் முள் போல் ஏதோ துணியைப் பிடிக்கும். பெரும்பாலும் கீழ் முனையில், கம்பி அழுத்தப்பட்ட உறைக்குள் நுழையும் இடத்தில். பத்தொன்பது இழையில் ஒன்று போனாலும் அந்தக் கம்பி முடிந்தது, மற்றவை வரிசையில் நிற்கின்றன. உடனே பாயைக் குறைத்து, காற்றை மறுபக்கம் வாங்கி, டைனீமா என்ற உறுதியான செயற்கை இழைக் கயிற்றால் பல சுற்றுப் போட்டு அந்தப் பக்கம் தாங்கல் கொடுங்கள். துறைமுகம்வரை அது போதும்.

கம்பி வரவழைக்கும்போது, முனையைக் கோர்க்கும் ஊசியின் துளை நடுவிலிருந்து மறுமுனை ஊசித் துளையின் நடுவரை நீளம் எழுதுங்கள். டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) பாதி திறந்த நிலையில் அளந்தது என்றும் எழுதுங்கள். கம்பி விட்டத்தை வெர்னியரில் பாருங்கள். 7.9 காட்டினால் அது பதினாறில் ஐந்து அங்குலம், எட்டு மில்லிமீட்டர் கம்பி அங்கே பொருந்திவிடும். ஊசியில் இந்தச் சலுகை கிடையாது. அரை அங்குலம் என்றால் 12.7, பன்னிரண்டு மில்லிமீட்டர் ஊசியைப் போட்டால் லொடலொடக்கும். அழுத்தும் இயந்திரம் இல்லாத ஊர்களுக்காக, ஸ்பேனரால் இறுக்கி மாட்டும் முனைகள் இருக்கின்றன, ஸ்டா-லாக் போல. கொஞ்சம் நீளமான கம்பியும் அப்படிப்பட்ட இரண்டு முனைகளும் எங்கள் படகில் எப்போதும் உண்டு.

கடைசியில் வரவழைத்தே ஆகவேண்டும் என்றால்

பாகத்தின் படத்தை அளவுகோலோடு எடுங்கள். எண் பொறித்த பக்கம், மாட்டும் பக்கம், மரை உள்ள பக்கம், மூன்று படம். விற்பவர் தன்னிடம் உள்ள சாமானை அதே மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பணம் கட்டுகிறேன். பம்ப் கதைக்குப் பிறகு வந்த ஞானம்.

பார்சலின் மேலும் பில்லிலும் படகின் பெயர், பதிவெண், கேப்டன் பெயர், ‘யாட் இன் டிரான்சிட்’ என்ற வாசகம் ஆகியவை ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். கடந்து போகும் படகுக்கான உதிரிபாகத்துக்குப் பல நாடுகளில் தீர்வை விலக்கு உண்டு. ஆனால் நடைமுறை நாட்டுக்கு நாடு வேறு. பணம் கட்டும் முன்பே உள்ளூர் ஏஜென்ட்டிடம் கேட்டுவிடுங்கள். லங்காவி 1987-லிருந்து தீர்வையற்ற தீவு, அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரிய சாமான்களை அங்கேயே வரவழைத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

சில சாமான்கள் விமானம் ஏறாது. லித்தியம்-அயன் பேட்டரியைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் அனுப்புவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்திலும் முப்பது சதவீதச் சார்ஜுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உயிர்காப்புத் தெப்பத்தில் அழுத்த வாயு உருளை, அபாய ஒளிக்குச்சியில் வெடிமருந்து, அவசர ரேடியோ மிதவையில் லித்தியம். இவற்றின் காலாவதித் தேதியைப் பெரிய துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். உலிகனில் நின்றுகொண்டு பார்த்துப் பயனில்லை.

பார்சல் வந்ததும் ஏஜென்ட் முன்னிலையிலேயே பிரித்து, பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். புதியது ஐம்பது மணி நேரம் ஓடும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். மாட்டிய பாகத்தின் எண்ணை, அந்தப் பாகத்துக்கு நேர் மேலே இருக்கும் பலகையின் அடிப்பக்கத்தில், அழியாத மார்க்கரால் எழுதிவிடுங்கள். எங்கள் இன்ஜின் மூடியைத் தூக்கினால் உள்பக்கம் முழுக்க என் கையெழுத்துதான். இடது ஓரத்தில், கொஞ்சம் பெரிதாக, 6203.